தடுப்புக் கட்டையிலிருந்து ஒப்பந்தத் தாளுக்கு: ஹனோவரும் எல்லை தாண்டும் வாடகைக் காரும்

ஐரோப்பாவில் ஒரு நாட்டில் வாடகைக்கு எடுத்த காரை இன்னொரு நாட்டுக்கு ஓட்டிச் செல்வது இன்று விடுமுறைப் பயணத்தின் வழக்கமான பகுதியாகிவிட்டது. இந்த வழக்கம் நிலைபெற ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது என்பதும், அது இன்னமும் முழுமையாக நிலைபெறவில்லை என்பதும் பயணிகள் பலருக்குத் தெரிவதில்லை. எல்லையில் ஒரு கார் வந்து நிற்கும்போது அரசுகள் கேட்டுவந்த கேள்விகள் மூன்றுதான்: இந்தக் கார் யாருடையது, இதை ஓட்டுபவருக்குத் தகுதி உண்டா, இது யார் மீதாவது மோதினால் இழப்பீடு தருவது யார்? சொந்தக் காரை ஓட்டி வருபவரிடம் மூன்றுக்கும் விடை ஒரே ஆளிடம் கிடைத்துவிடும். வாடகைக் காரிலோ உடைமை ஒருவருடையது, ஓட்டும் கை வேறொருவருடையது, இழப்பீட்டுப் பொறுப்பு மூன்றாவதாக ஒரு காப்பீட்டு நிறுவனத்துடையது. அதனால்தான் எல்லைச் சட்டங்களின் வரலாறு நெடுகிலும் வாடகைக் கார் ஓர் இடைஞ்சலான விதிவிலக்காகவே நடத்தப்பட்டது. தடுப்புக் கட்டைகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டபோதும் அந்த மூன்று கேள்விகள் மறையவில்லை. சாலையோரச் சாவடியை விட்டு வாடகை அலுவலகத்தின் கவுன்டருக்கும், அங்கே கையெழுத்தாகும் ஒப்பந்தத் தாளுக்கும் இடம் மாறின. இந்த இடமாற்றத்தை விளங்கிக்கொள்ள ஜெர்மனியின் ஹனோவர் நகரைப் போல் பொருத்தமான இடம் வேறு அதிகம் இல்லை.

கீழ் சாக்சனி மாநிலத்தின் தலைநகரான ஹனோவர், எந்த நாட்டின் எல்லையிலும் இல்லாத உள்நாட்டு நகரம். ஆயினும் ஜெர்மனியின் இரண்டு பெரும் ஆட்டோபான்கள், அதாவது குறுக்குச் சந்திப்புகள் இல்லாத விரைவு நெடுஞ்சாலைகள், இந்நகருக்குக் கிழக்கே ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. டென்மார்க் எல்லையில் தொடங்கி ஆஸ்திரிய எல்லையருகே ஃபூசனில் முடியும் ஏ7, ஜெர்மனியின் மிக நீளமான ஆட்டோபான். ரூர் தொழிற்பகுதியிலிருந்து பெர்லின் நோக்கிச் செல்லும் ஏ2, மேற்கு ஐரோப்பாவைப் போலந்தோடும் அதற்கு அப்பாலும் இணைக்கும் பாதையின் நடுப்பகுதி. நெதர்லாந்து எல்லை இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர், டென்மார்க் எல்லை சுமார் 300, போலந்து எல்லை 400க்கும் குறைவு. ஹாம்புர்க், ஃபிராங்ஃபர்ட், பாசல் நகரங்களை ஒரே மோட்டார் சாலையால் இணைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு 1926இல் தொடங்கப்பட்ட சங்கத்தின் வரைபடத்திலேயே ஹனோவர் வழித்தடத்தில் இடம்பெற்றிருந்தது. சுவிட்சர்லாந்தின் வாசலான பாசலை இலக்காகக் கொண்டு வரையப்பட்ட அந்தச் சாலை, தொடக்கத்திலிருந்தே ஓர் எல்லையை நோக்கிய சாலை.

ஆட்டோபான்களுக்கு முன்பே எல்லை தாண்டும் கார்ப் பயணம் இருந்தது. அதைச் சாத்தியமாக்கியவை சாலைகளைக் காட்டிலும் சில தாள்களே. ஒரு நாட்டுக்குள் நுழையும் கார், சுங்கத்துறையின் கண்ணில், வரி கட்ட வேண்டிய இறக்குமதிச் சரக்கு. பயணி அதை விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுபோவார் என்பதற்கு உத்தரவாதமாக, காரின் மதிப்பை ஒட்டிய பெருந்தொகையை எல்லையில் கட்டிவிட்டு, வெளியேறும்போது திரும்பப் பெற வேண்டியிருந்தது. இந்தச் சிக்கலைத் தீர்க்க மோட்டார் மன்றங்கள் முன்வந்து, தங்கள் உறுப்பினருக்குத் தாங்களே பிணை நின்றன. அந்தப் பிணைக்கு அடையாளமான தாள் திரிப்டிக் எனப்பட்டது. மூன்று பகுதிகள் கொண்ட அத்தாளின் ஒரு பகுதியை நுழையும் இடத்திலும் இன்னொன்றை வெளியேறும் இடத்திலும் சுங்க அதிகாரிகள் கிழித்துக்கொள்ள, மூன்றாவது பகுதி கார் வெளியேறிவிட்டதற்குச் சான்றாக மன்றத்துக்குத் திரும்பும். பல நாடுகளுக்குச் செல்பவர்களுக்காக அதுவே பின்னர் பல பக்கங்கள் கொண்ட கார்னே என்ற சிறு புத்தகமாக வளர்ந்தது. சொந்தக் காரைக் கப்பலேற்றித் தரைவழியாக நெடும்பயணம் செய்பவர்கள் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளுக்காக இன்றும் அதைப் பெற வேண்டியிருக்கிறது.

ஓட்டுபவரின் தகுதி பற்றிய இரண்டாவது கேள்விக்கு 1909 அக்டோபர் 11 அன்று பாரிஸில் கையெழுத்தான மோட்டார் வாகன உடன்படிக்கை முதல் பொது விடையைத் தந்தது. ஒரு நாடு தந்த தகுதிச் சான்றைப் பிற நாடுகள் ஏற்கும் பன்னாட்டு ஓட்டுநர் சான்று அதிலிருந்துதான் பிறந்தது. காரின் பின்புறம் நாட்டைக் குறிக்கும் எழுத்துகளோடு ஒட்டப்படும் நீள்வட்டத் தகடும் அதன் பிள்ளையே. இந்த ஏற்பாடு 1926இல் திருத்தப்பட்டு, 1949இல் ஜெனீவாவிலும் 1968இல் வியன்னாவிலும் புதிய உடன்படிக்கைகளாக எழுதப்பட்டது. இந்தியாவும் இலங்கையும் ஜெனீவா உடன்படிக்கையில் சேர்ந்தன. ஜெர்மனி அதில் சேராமல் வியன்னா உடன்படிக்கையில் சேர்ந்தது. ஒரே பெயருடைய பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் எதற்கு இரண்டு மாதிரிகளில் அச்சாகிறது, ஒன்றுக்கு ஓராண்டும் மற்றதற்கு மூன்றாண்டு வரையும் ஏன் செல்லுபடியாகிறது என்று குழம்பும் பயணிகளுக்கான விளக்கம் இந்த இரட்டை மரபில் இருக்கிறது.

ஹனோவர் இந்தத் தொடக்க காலத்தில் பார்வையாளராக மட்டும் இருக்கவில்லை. 1871இல் இந்நகரில் நிறுவப்பட்ட கான்டினென்டல் ரப்பர் நிறுவனம், டயர் விற்பனையைப் பெருக்க வேண்டுமானால் மக்கள் தொலைதூரம் ஓட்ட வேண்டும் என்பதை உணர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே மோட்டார் ஓட்டுநர்களுக்கான வழிகாட்டி நூல்களையும் சாலை வரைபடங்களையும் வெளியிடத் தொடங்கியது. எந்த ஊரில் பெட்ரோல் கிடைக்கும், எங்கே பழுதுபார்ப்பார்கள் என்பன போன்ற செய்திகளுக்காக ஓட்டுநர்கள் டயர் நிறுவனத்தின் புத்தகத்தை நம்பிய காலம் அது.

அக்காலத்தில் வாடகைக் கார் என்பது பெரும்பாலும் ஓட்டுநரோடு வந்தது. 1912இல் மியூனிக்கில் மார்ட்டின் சிக்ஸ்ட் என்பவர் ஏழு கார்களோடு தொடங்கிய நிறுவனம், பிரிட்டனின் பிரபுக்களையும் அமெரிக்கச் செல்வந்தர்களையும் சுற்றிக்காட்டும் தொழிலாகவே நடந்தது. இரண்டே ஆண்டில் முதல் உலகப்போர் வர, அந்தக் கார்களை ராணுவம் எடுத்துக்கொண்டது. சாவியை வாடிக்கையாளரிடமே கொடுத்து அனுப்பும் முறை அமெரிக்காவில் முதல் உலகப்போர்க் காலத்தில் வேரூன்றி, 1920களில் ஜெர்மனிக்கு வந்தது. 1927இல் ஹாம்புர்க்கில் தோன்றிய செல்ப்ஸ்ட்ஃபாரர் யூனியன், பெயருக்கேற்ப, தானே ஓட்டுபவருக்குக் கார் தரும் நிறுவனம். பின்னாளில் அது ஹனோவரின் பக்கத்து நகரான வோல்ஃப்ஸ்புர்க்கின் வோல்க்ஸ்வாகன் நிறுவனத்திடம் வந்து இன்டர்ரென்ட் என்ற பெயரைப் பெற்று, 1988இல் பிரான்சில் பிறந்த யூரோப்காரோடு இணைந்தது.

ஜெர்மானியச் சட்டம் தானே ஓட்டுபவருக்கு வாடகைக்கு விடப்படும் காரைத் தனி வகையாகவே பதிவு செய்கிறது. காப்பீட்டுத் தவணை அதற்கு வேறு. பாதுகாப்புச் சோதனை சொந்தக் காருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை என்றால் இதற்கு ஆண்டுதோறும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதன்று. 1989இல் இந்திய அரசு வகுத்த திட்டத்தின் கீழ் இயங்கும் செல்ஃப் டிரைவ் கார்களைக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்துகளால் தனித்துக் காட்டும் வழக்கம் நம்மிடமும் உண்டு. சொந்தக் காரை வாடகைக்கு விட்டு ஓசூர், வாளையார் சோதனைச் சாவடிகளில் சிக்கிக்கொண்டவர்களுக்கு அந்தத் தகட்டின் அருமை தெரியும். பதிவுப் புத்தகம் வாடகை நிறுவனத்தின் பெட்டகத்தில் கிடக்க, ஓட்டுபவர் கையில் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் தனித்தனி விடை கண்டது. பிரிட்டனில், மூல ஆர்.சி. தாளுக்குப் பதிலாக, இந்தக் கார் முறைப்படி வாடகைக்கு எடுக்கப்பட்டதுதான் என்று சான்று கூறும் 'வி.இ.103' என்ற தாளை வெளிநாடு செல்லும் வாடகைக் காருக்குத் தருகிறார்கள்.

மூன்றாவது கேள்வியான இழப்பீடு, இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர்தான் முறையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஜெர்மனியில் வாகனங்களுக்குக் கட்டாயக் காப்பீடு 1940இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒரு நாட்டின் காப்பீட்டுப் பத்திரத்துக்கு இன்னொரு நாட்டு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. வெளிநாட்டுக் கார் மோதிக் காயமடைந்த உள்ளூர்வாசி, ஓட்டுநர் எல்லையைத் தாண்டிப் போய்விட்டால் யாரிடம் கேட்பது? ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 1949 ஜனவரியில் தந்த பரிந்துரையின்படி ஒவ்வொரு நாட்டிலும் காப்பீட்டாளர்கள் கூடி ஒரு பணியகம் அமைத்தார்கள். வெளிநாட்டுக் காரால் நேர்ந்த விபத்துக்கு உள்ளூர்ப் பணியகம் முதலில் இழப்பீடு தந்துவிட்டு, பின்னர் காரின் தாய்நாட்டுப் பணியகத்திடம் அதை வசூலித்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டின் கண்ணுக்குத் தெரியும் சான்றுதான் 1953 ஜனவரி 1 முதல் புழங்கிய பச்சை அட்டை. அந்த அட்டையைக் கூர்ந்து பார்த்தால் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அதில் அடங்கியிருப்பது தெரியும்: மேலே காரின் பதிவெண்ணும் செல்லுபடிக் காலமும், கீழே சிறுசிறு கட்டங்களில் நாடுகளின் குறியெழுத்துகளும் வரிசையாக நிற்கும், எந்த நாட்டில் பொறுப்பேற்க இயலாது என்று காப்பீட்டாளர் முடிவு செய்கிறாரோ அந்த நாட்டின் கட்டத்தைக் குறுக்கே அடித்துவிடுவார். பேனாவின் இரண்டு கீறல்களால் ஒரு நாட்டின் எல்லையைக் காரின் உரிமையாளருக்கு மூடிவிடும் அதிகாரம் ஒரு தனியார் நிறுவனத்தின் எழுத்தருக்கு இப்படித்தான் வந்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1972இல் பிறப்பித்த உத்தரவால் உறுப்பு நாடுகளுக்கிடையே பச்சை அட்டைச் சோதனை கைவிடப்பட்டு, காரின் பதிவெண்ணே காப்பீட்டுக்கும் சான்றாக ஏற்கப்பட்டது; அட்டை மட்டும் அந்த வட்டத்துக்கு வெளியே உள்ள நாடுகளுக்காக வாழ்ந்து, 2020இல் பச்சை நிறத்தை இழந்து வெள்ளைத் தாளில் அச்சிடப்படலாம் என்ற நிலையை அடைந்தது.

ஹனோவர் இந்த ஏற்பாட்டின் பின்புலத்தில் இருக்கும் காப்பீட்டு நகரங்களில் ஒன்று. தொழில்துறையினரின் பொறுப்புக் காப்பீட்டுக்காக 1903இல் தோன்றிய எச்.டி.ஐ. முதல் உலகப்போருக்குப் பின் இங்கே குடியேறியது; அதைச் சேர்ந்த டாலாங்க்ஸ் குழுமம், வாகனக் காப்பீட்டில் பெயர்பெற்ற வி.எச்.வி., காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் ஹனோவர் மறுகாப்பீட்டு நிறுவனம் ஆகியவை இங்கிருந்தே இயங்குகின்றன. வோல்க்ஸ்வாகனின் டிரான்ஸ்போர்ட்டர் வேனை உருவாக்கும் ஆலை 1956இல் நகரின் ஸ்டோக்கன் பகுதியில் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் ஐரோப்பா முழுதும் குடும்பமாகப் பயணம் செய்வோர் விரும்பி வாடகைக்கு எடுத்த வேன் இனம் அது.

போரில் சிதைந்து கிடந்த நகருக்கு வெளிநாட்டவர் மீண்டும் வரத் தொடங்கியது 1947 ஆகஸ்ட்டில், பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் முன்முயற்சியில் நகரையொட்டிய லாட்சனில் நடந்த ஏற்றுமதிக் கண்காட்சியால். உணவுப் பங்கீட்டுச் சீட்டு இல்லாமலே மீன் வைத்த ரொட்டி கிடைத்ததால் உள்ளூர் மக்கள் அதை மீன்ரொட்டிக் கண்காட்சி என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் தொடர்ந்த அக்கண்காட்சி உலகின் மிகப் பெரிய தொழில் சந்தைகளில் ஒன்றானது. 1952இல் லாங்கன்ஹாகன் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1948 முதல் 1975 வரை நகரமைப்புத் தலைவராக இருந்த ருடோல்ஃப் ஹில்லபிரெக்ட், இடிபாடுகளின் மேல் கார்களுக்கு ஏற்ற அகன்ற சாலைகள் கொண்ட புதிய நகரை வகுத்தார். விமானத்தில் இறங்கும் வணிகர், தன் நாட்டுக் காரைக் கொண்டுவராமலே, இங்கே ஒரு காரை எடுத்துக்கொண்டு ரூருக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ செல்லும் தேவை இங்கிருந்துதான் வளர்ந்தது.

கிழக்குத் திசையின் கதை வேறு. ஹனோவரிலிருந்து ஏ2 வழியாகச் சுமார் 90 கிலோமீட்டரில், ஹெல்ம்ஸ்டெட் ஊரைத் தாண்டியதும், மரீன்போர்ன் எல்லை நிலையம் இருந்தது. 1945 ஜூலையில் நேச நாடுகளின் சோதனைச் சாவடியாகத் தொடங்கிய அது, 1972க்கும் 1974க்கும் இடையே 35 ஹெக்டேர் பரப்பில் புதிதாகக் கட்டப்பட்டு, ஏறத்தாழ ஆயிரம் பேர் பணியாற்றும் பேரமைப்பாக மாறியது. மேற்கு ஜெர்மனிக்கும் மேற்கு பெர்லினுக்கும் இடையே சாலைவழியில் செல்பவர்களில் பெரும் பகுதியினர் இதன் வழியாகச் சென்றார்கள். கிழக்கு ஜெர்மனி இந்தப் பாதைக்கு 1951இல் சாலைக் கட்டணம் விதித்தது. 1968 ஜூன் முதல் கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமாக்கியது. இரு ஜெர்மனிகளும் 1971 டிசம்பரில் கையெழுத்திட்டு அடுத்த ஜூனில் நடைமுறைக்கு வந்த இடைவழி உடன்பாட்டின்படி, கட்டணங்களைப் போன் நகரிலிருந்து ஆண்ட மேற்கு ஜெர்மானிய அரசே மொத்தமாக ஆண்டுதோறும் செலுத்த, பயணி காரைவிட்டு இறங்காமலே விசா பெற முடிந்தது.

அந்தச் சோதனை நடந்த விதம் இன்று நினைவகமாக உள்ள அந்நிலையத்தில் பார்க்கக் கிடைக்கிறது. வரிசையில் நிற்கும் காரின் கடவுச்சீட்டுகளை ஓர் அதிகாரி வாங்கி, மூடியிட்ட நீண்ட ஓடுபட்டையில் வைப்பார். அவை பயணியின் கண்ணில் படாமல் சோதனைக் கூடத்துக்கு ஓடும். கார் மெல்ல நகர்ந்து அந்தக் கூடத்தை அடைவதற்குள் பெயர்கள் சரிபார்க்கப்பட்டிருக்கும். சந்தேகம் எழுந்தால் காரின் அடியில் உருளும் கண்ணாடி செல்லும், பின்னிருக்கை தூக்கப்படும், பெட்ரோல் தொட்டியின் ஆழத்தைக் கம்பி அளக்கும். கார்களுக்குள் ஒளிந்திருக்கும் மனிதரைக் கண்டறிய சீசியம்-137 கதிர்வீச்சை ரகசியமாகப் பாய்ச்சினார்கள் என்பது ஜெர்மானிய இணைப்புக்குப் பின்னரே வெளிவந்தது. நுழைந்த நேரம் குறிக்கப்பட்டது. மணிக்கு 100 கிலோமீட்டர் என்ற வேக வரம்பை மீறினால் மேற்கு மார்க்கில் அபராதம். குறித்த பாதையைவிட்டு விலகுவது குற்றம். இங்கே ஹனோவரின் வாடகைக் காரும் சொந்தக் காரும் ஏறத்தாழ ஒன்றாகவே நடத்தப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது. மேற்கு எல்லைகளில் சுங்கத்துறை காரைச் சரக்காகப் பார்த்தது; மரீன்போர்னில் அரசு காரை ஓர் ஒளிவிடமாக மட்டுமே பார்த்தது. உடைமை பற்றிய கேள்வி அதற்கு இரண்டாம்பட்சம். மனிதர்களின் நடமாட்டத்தைத் தடுப்பதே தலையாய நோக்கமான எல்லையில், வாடகைத் தொழிலின் நுணுக்கங்களுக்கு இடமே இருக்கவில்லை.

இதே ஆண்டுகளில் ஈழத்தமிழர்கள் இந்த நிலப்பரப்புக்கு வந்து சேர்ந்தார்கள். இலங்கையின் 1983 வன்முறைக்குப் பின் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தனர். நகரப் பிரிவினையைப் பன்னாட்டு எல்லையாக ஏற்க மறுத்த மேற்குத் தரப்பு, அங்கே குடியேற்றச் சோதனை நடத்தவில்லை. 1985 ஜூலையில் போன் அரசின் வற்புறுத்தலுக்கு இணங்கிக் கிழக்கு ஜெர்மனி தமிழர்களுக்கு இந்த வழியை அடைத்தது. அதே மாதத்தில் கிழக்கு ஜெர்மனிக்கான வட்டியில்லாக் கடன் வரம்பும் உயர்த்தப்பட்டது. கீழ் சாக்சனி உள்ளிட்ட மாநிலங்களுக்குப் பகிர்ந்து அனுப்பப்பட்ட தமிழர்கள், 1982ஆம் ஆண்டின் புகலிட நடைமுறைச் சட்டப்படி, வழக்கு முடியும்வரை தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிர்வாகப் பகுதியைவிட்டு அனுமதியின்றி வெளியேற முடியவில்லை. ஹனோவரில் வசித்தவர் நாட்டு எல்லையை விடுங்கள், பக்கத்து மாவட்டத்து உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போகவும் எழுத்துவழி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. நகரைச் சுற்றி ஐரோப்பாவின் மிக வேகமான சாலைகள் ஓட, அவற்றின் கரையில் வாழ்ந்தும் அவற்றில் ஏற உரிமையற்றிருந்த அந்த ஆண்டுகள் இச்சாலைகளின் வரலாற்றில் எழுதப்பட வேண்டியவை. இந்த விதி 2015இல்தான் பெருமளவு தளர்த்தப்பட்டது.

அகதி என ஏற்கப்பட்டவர்களுக்கு 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பயண ஆவணம் கிடைத்தது. 1959இல் ஐரோப்பிய அவை உருவாக்கிய ஒப்பந்தத்தால் அதை வைத்துக்கொண்டு பல நாடுகளுக்கு விசா இன்றிச் செல்லவும் முடிந்தது. ஆயினும் பிரான்ஸ் 1986இல் அதை நிறுத்திவைத்தது. ஓட்டுநர் உரிமத்திலும் தடை இருந்தது, இன்றும் இருக்கிறது: இலங்கை உரிமமும் இந்திய உரிமமும் ஜெர்மனியில் குடியேறிய ஆறு மாதங்களுக்குப் பின் செல்லாது; எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டும் தேர்விலும் புதிதாகத் தேறியாக வேண்டும்; எழுத்துத் தேர்வு நடத்தப்படும் அயல்மொழிகளில் தமிழ் இல்லை.

மேற்கு ஐரோப்பாவுக்குள் சுங்கத் தடைகள் தளர்ந்துகொண்டிருந்தபோது, வாடகைத் தொழிலுக்கே உரிய ஒரு பிரச்சினை வெளிச்சத்துக்கு வந்தது. ஹனோவரில் எடுத்த காரைப் பாரிஸில் திருப்பித் தரும் வாடிக்கையாளர் விமானம் ஏறிவிடுவார். ஜெர்மானியப் பதிவெண் கொண்ட கார் பாரிஸில் நிற்கும். அதைப் பிரெஞ்சுக்காரர் ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்தால், வரி கட்டாத அந்நியக் காரை உள்ளூர்வாசி ஓட்டுகிறார் என்று பிரெஞ்சு அரசு குற்றம் சாட்டும். ஐரோப்பியச் சமூகம் 1983 மார்ச்சில் பிறப்பித்த 83/182 எண்ணுள்ள உத்தரவு இதற்கு ஒரு குறுகிய வழி திறந்தது: இப்படி அயல்நாட்டில் வந்து நிற்கும் வாடகைக் காரை, அந்நாட்டில் வசிக்காத ஒருவருக்கு, அங்கிருந்து வெளியே கொண்டுபோகும் பொருட்டு மட்டுமே மீண்டும் வாடகைக்கு விடலாம், அல்லது நிறுவனத்தின் ஊழியர், அவர் உள்ளூர்வாசியாகவே இருந்தாலும், அதைத் தாய்நாட்டுக்குத் திருப்பி ஓட்டிச் செல்லலாம். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விடுவதற்கு வாடகை நிறுவனங்கள் பெருந்தொகை கேட்பதற்கு வணிகப் பேராசையைக் காரணமாகச் சொல்வது எளிது; திரும்பி வரும் காரில் பெரும்பாலும் ஊழியர் ஒருவரே இருப்பார், அவருடைய நாளும் பெட்ரோலும் அந்தத் தொகையில்தான் அடங்கும் என்பது இந்த உத்தரவைப் படித்தால் விளங்கும்.

அடுத்து வந்த ஆண்டுகளில் தடைகள் விரைவாக விழுந்தன. 1985 ஜூனில் லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே, மோசல் ஆற்றில் நின்ற கப்பலில், தங்களிடையே எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்கும் உடன்பாட்டில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. 1990 ஜூன் 30இல் மரீன்போர்ன் மூடப்பட்டது. 1993இல் ஒற்றைச் சந்தையோடு உள்நாட்டுச் சுங்கச் சோதனைகள் முடிந்தன. 1995 மார்ச் 26இல் ஷெங்கன் நடைமுறைக்கு வந்தது. போலந்தும் செக் நாடும் 2007 டிசம்பரில் அதில் சேர்ந்தன. மரீன்போர்ன் கூரையின் கீழ் நின்று நின்று நகர்ந்த ஏ2, இப்போது நிற்காமல் வார்சா வரை செல்லும் பாதையானது.

வாடகைத் தொழிலின் தலைகீழ் மாற்றம் இங்கேதான் நிகழ்ந்தது. அரசு எல்லையில் கண்காணிப்பைக் கைவிட்ட அதே பத்தாண்டில், விலையுயர்ந்த ஜெர்மானியக் கார்கள் திருடப்பட்டுக் கிழக்கே கடத்தப்படுவது பெருந்தொழிலாகியது. வாடகைக்கு எடுத்துத் திருப்பித் தராமல் ஓட்டிச் செல்வது அதன் எளிய வடிவம், ஏனெனில் சாவியை உரிமையாளரே கையில் கொடுத்துவிடுகிறார். சரியான சாவி இல்லாமல் இஞ்சினை இயங்கவிடாத இம்மொபிலைசர் என்ற மின்னணுப் பூட்டு 1998 முதல் ஐரோப்பாவின் புதிய கார்களில் கட்டாயமானது. ஆனால் சாவியையே பெற்றுக்கொண்டு வருபவரை அது தடுக்காது. எனவே வாடகை நிறுவனங்கள் தமக்கென ஓர் ஐரோப்பிய வரைபடத்தை வரைந்துகொண்டன. நாடுகள் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டன. முதல் மண்டலத்துக்கு எந்தக் காரும் போகலாம், இரண்டாவதற்குச் சில ரகங்கள் மட்டும், மூன்றாவதற்கு எதுவும் போகக் கூடாது. மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி போன்றவற்றுக்குக் கிழக்கே பல நாடுகள் மூடப்பட, அதே நாடுகளுக்குச் சிறிய கார் ஒன்று கூடுதல் கட்டணத்தோடு அனுமதிக்கப்பட்டது. போலந்தைப் பொறுத்தவரை ஷெங்கனில் எல்லை இல்லை. ஹனோவர் ரயில் நிலையத்து வாடகைக் கவுன்டரிலோ அது உயிரோடு இருந்தது, அதுவும் காரின் ரகத்துக்கு ரகம் வேறுபடும் எல்லையாக.

மீறினால் என்ன ஆகும் என்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்வதால் சற்று விளக்குவது நல்லது. ஜெர்மானிய வாகனத்தின் மூன்றாம் நபர் காப்பீடு ஐரோப்பாவின் புவியியல் எல்லை முழுவதற்கும் பொருந்துவது. தடைசெய்யப்பட்ட நாட்டுக்கு வாடகைக் காரை ஓட்டிச் சென்று ஒருவர் மீது மோதினாலும், அடிபட்டவர் இழப்பீடு பெறாமல் போவதில்லை. பறிபோகக்கூடியது வாடிக்கையாளரின் சொந்தப் பாதுகாப்பு: காருக்குச் சேதமோ திருட்டோ நேர்ந்தால் அவர் பொறுப்பைக் குறிப்பிட்ட தொகையோடு வரையறுக்கும் சலுகை. அதை இழந்தவர் காரின் முழு மதிப்புக்கும் பொறுப்பாகலாம். இந்தச் சலுகையைக் காப்பீட்டுச் சட்டத்தின் முழுச்சேதக் காப்பீட்டை மாதிரியாகக் கொண்டு வகுக்க வேண்டும் என்று ஜெர்மானிய நீதிமன்றங்கள் வலியுறுத்தி, நிறுவனங்களின் கை ஓங்காமல் ஓரளவு காத்திருக்கின்றன. அரசின் எல்லையில் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. ஒப்பந்தத்தின் எல்லையிலும் அது இருக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்புகளின் நியாயம், அது சரியானதும்கூட.

எல்லை தாண்டுவதற்கான சில்லறை விதிகளும் கண்ணாடியில் ஒட்டும் வில்லைகளாகப் பெருகின. சுவிட்சர்லாந்து 1985இலும் ஆஸ்திரியா 1997இலும் நெடுஞ்சாலைக் கட்டண வில்லையை அறிமுகம் செய்தன. புகை குறைந்த கார்களை மட்டும் நகருக்குள் விடும் சுற்றுச்சூழல் மண்டலத்தை ஹனோவர், பெர்லின், கொலோன் ஆகிய நகரங்கள் 2008 ஜனவரி 1இல் ஜெர்மனியிலேயே முதலில் கொண்டுவந்தன. போலந்திலிருந்தோ டென்மார்க்கிலிருந்தோ வரும் வாடகைக் காருக்கும் பச்சை வில்லை தேவைப்பட்டது. காற்றின் தரம் மேம்பட்டதால் ஹனோவர் 2024 பிப்ரவரியில் அதை நீக்கிவிட்டது.

ஈழத்தமிழர்களுக்கும் இந்தச் சாலைகளுக்கும் உள்ள உறவு இதற்குள் மாறிவிட்டது. ஹனோவரிலிருந்து ஏ2 வழியாக மேற்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டரில், ஹாம் நகரின் ஊன்ட்ரோப் பகுதியில், ஆறுமுகம் பாஸ்கரக் குருக்களின் முயற்சியால் 1989இல் சிறு அளவில் தொடங்கிய வழிபாடு வளர்ந்து, 2002 ஜூலையில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலாகக் குடமுழுக்குக் கண்டது. ஹனோவரிலேயே ஸ்ரீ முத்துமாரி அம்மன் கோயில் உண்டு. ஆனாலும் கோடைக்கால ஹாம் தேர்த் திருவிழாவுக்கு ஜெர்மனியின் மற்ற நகரங்களிலிருந்தும், நெதர்லாந்து, பிரான்ஸ், டென்மார்க், சுவிட்சர்லாந்து நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் அர்ச்சனைத் தட்டுகளும் சாப்பாட்டுப் பாத்திரங்களும் ஒன்றாகப் போவதற்குச் சொந்தக் கார் போதாது. ஒன்பது பேர் அமரும் வேனை வாடகைக்கு எடுப்பது இக்குடும்பங்களுக்குப் பழகிய வழி.

இந்தக் கூட்டத்தில்தான் காரைச் சரக்காகப் பார்க்கும் பழைய சுங்க விதி இன்றும் உயிரோடு இருப்பதைக் காணலாம். சுவிட்சர்லாந்து ஷெங்கனில் 2008 டிசம்பர் முதல் இருக்கிறது, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இல்லை. சூரிச்சிலிருந்து வரும் சித்தப்பா தம் சொந்தக் காரில் வந்திருந்தால், அவர் ஒன்றியத்தின் மண்ணில் இருக்கும்போது அவர் சொற்படி ஹனோவரில் வசிக்கும் மருமகன் அதை எப்போதாவது ஓட்டுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. அதே சித்தப்பா சுவிஸ் பதிவெண் கொண்ட வாடகை வேனில் வந்திருந்தால் நிலை வேறு: அந்த வேனின் பதிவுதாரர் வாடகை நிறுவனம், அது சூரிச்சில் இருக்கிறது, ஆகவே இந்தச் சலுகை அதற்கு எளிதில் பொருந்துவதில்லை. ஒன்றியத்தில் வசிப்பவர் இத்தகைய வேனை எழுத்து ஒப்பந்தத்தோடு வாடகைக்கு எடுத்து வீடு திரும்பலாம், ஆனால் 8 நாட்களுக்குள் அது ஒன்றியத்தைவிட்டு வெளியேறியாக வேண்டும். விதியை மீறினால் வேன் இறக்குமதியாகக் கருதப்பட்டு, அதன் மதிப்பில் 10 விழுக்காடு சுங்க வரியும், அதன் மேல் 19 விழுக்காடு விற்பனை வரியும் கேட்கப்படலாம். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையை மீண்டும் தொடங்கியிருப்பதால், திருவிழாவுக்காகத் தெற்கேயிருந்து ஜெர்மனிக்குள் வருவோர் பாசலருகே காவலரிடம் கடவுச்சீட்டையும் குடியிருப்பு அட்டையையும் நீட்ட வேண்டியிருக்கலாம். சுங்க அதிகாரி வேனை நிறுத்தினால் முதலில் கேட்பது வாடகை ஒப்பந்தத்தையும், ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் எந்த நாட்டில் வசிக்கிறார் என்பதையும்தான்.